நாராயணம்மா அக்காவின் கேசட்டும் நான் திருப்பிய திருகும்

12-6-86, வியாழன்
கேன்டீனில் சீட்டுக் குலுக்கினார்கள். ஜப்பான்காரர் இரண்டு வருஷம் முடிந்து ஊருக்குப் போகிறார். அவர் தூக்கிப் போக முடியாத சாமான்களுக்கெல்லாம் சீட்டு. வெளிநாட்டு என்ஜினீயர் யார் கிளம்பினாலும் எங்கள் கம்பெனியில் இதுதான் வழக்கம். ஃப்ரிட்ஜுக்கும் சைக்கிளுக்கும் ஒரே தள்ளுமுள்ளு. கேசட் டெக்குக்கு ஒன்பது பேர்தான் பெயர் கொடுத்திருந்தோம். "இன்ஸ்பெக்ஷன் சரோஜம்மாள்" என்று வாசித்தார்கள்! பின்னாலிருந்து, "அதையும் அளந்து பாத்து ரிஜெக்ட் பண்ணிடுவா" என்று ஒரு குரல். வேறு யார், நாராயணம்மா அக்காதான். அவள் கிரைண்டிங் மெஷினில் தேய்த்து அனுப்பும் பின்களை அளந்து, தேறாததைத் தள்ளுவது என் வேலை. ஆனாலும் எட்டு வருஷமாக ஓசூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட்டு, மத்தியானம் ஒரே டிபன் பாக்ஸ். அளவுக் கணக்கெல்லாம் கேட்டுக்கு உள்ளேயே முடிந்துவிடும்.

15-6-86, ஞாயிறு
டெக் நூறு வோல்ட்டில் ஓடுவது. நம் கரண்டில் நேராகச் செருகியிருந்தால் அன்றைக்கே புகைந்திருக்கும். என் வீட்டுக்காரர் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருப்பது இதற்காவது உதவியது. இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிக் கொடுத்தார். தன்னுடைய பழைய ஆம்ப்ளிஃபையரையும் தூசி தட்டி எடுத்தார்.

என்ன மிஷின் இது! சாதாரண செட்டில் ஹெட் இரண்டு: ஒன்று அழிக்கும், இன்னொன்று பதியும், பாடும். இதில் மூன்று. பதிவதற்கு ஒன்று, பாடுவதற்கு ஒன்று தனித்தனி, இரண்டும் ஒரே கூட்டுக்குள். அதனால் பதிந்துகொண்டிருக்கும்போதே, டேப்பில் என்ன ஏறியது என்று கேட்டுப் பார்க்கலாம். ஒரு ஸ்விட்சை இப்படித் தட்டினால் உள்ளே போகிற சத்தம், அப்படித் தட்டினால் டேப்பில் ஏறிய சத்தம். வித்தியாசமே தெரியவில்லை. டேப்பை இரண்டு பக்கமும் பிடித்து ஓட்டுவதால் சுருதி துளியும் ஆடுவதில்லை. இரைச்சலை அமுக்க ஒரு பட்டன். முள் மீட்டர் இரண்டு. பதிகிற வேலைக்குள்ளேயே இன்ஸ்பெக்ஷனும் இருக்கிறது. எனக்கென்றே செய்தது.

இவர் கேட்டார், சாப்பாடு உண்டா, இல்லை மீட்டர் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று.

29-6-86, ஞாயிறு
பஸ் பெண்கள் எல்லோரும் காலி கேசட்டும் பாட்டு லிஸ்டும் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கொழுந்தனாரின் ரெக்கார்ட் பிளேயரை வாங்கி வைத்து இன்றைக்கு மூன்று கேசட் முடித்தேன். கெம்பம்மாவுக்குப் பாதி கன்னடம், பாதி தமிழ். எனக்கும் ஒன்று பதிந்துகொண்டேன். பஸ்ஸில் எனக்குக் கிரீடம் வைக்காத குறைதான்.

12-7-86, சனி
நாராயணம்மா அக்கா ஒரு கேசட்டோடு வந்தாள். போன வருஷம் தை மாதம் தேன்கனிக்கோட்டையில் நடந்த அவள் மகள் முனிலட்சுமியின் கல்யாணத்தில் பெண்கள் பாடிய நலங்குப் பாட்டு. யாரிடமோ இரவல் வாங்கிய செட்டில் பதிந்ததாம். போட்டால் எல்லோரும் போர்வைக்குள் உட்கார்ந்து பாடுகிறார்கள்.

காரணம் எனக்குத் தெரியும். ஹெட் டேப்புக்குச் சரியாக நேர்க்குத்தாக நிற்க வேண்டும். தலைமுடி அளவு சாய்ந்தாலும் மேல் சத்தமெல்லாம் போய்விடும். அந்த இரவல் செட்டின் ஹெட் சாய்ந்திருக்கிறது. என் டெக்கின் ஹெட் ஓரத்தில் ஒரு சின்னத் திருகு உண்டு. வாட்ச் ஸ்குரூடிரைவரால் மெதுவாக, கால் சுற்று — அப்பா! வளையல் சத்தம் தனியாகக் கேட்டது. அக்கா யார் யார் பாடுகிறார்கள் என்று விரல் மடக்கி எண்ணினாள். எண்ணிக்கொண்டே அழுதுவிட்டாள். "உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும் சரோஜா" என்றாள். பஸ்ஸிலும் எல்லோரிடமும் சொல்லப்போகிறாளாம். சொல்லட்டும், வேண்டாம் என்றா சொன்னேன்?

20-7-86, ஞாயிறு
முனிலட்சுமி புருஷனோடு வடக்கே பிலாயில் இருக்கிறாள். ஏழாம் மாதம். ரயிலில் வரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணைக் கூப்பிட்டு வளையல் போட முடியவில்லையே என்று அக்காவுக்கு ஒரே ஏக்கம். அதனால் குடும்பமே இங்கே வந்து கேசட்டில் பேசியது. ஒன்பது பேர். தெலுங்கில் பாதி, தமிழில் பாதி. சானமாவு கிராமத்து மாமா பலாப்பழத்துக்கு யானை வந்த கதையைச் சொல்லி டேப்பில் கால் பாகத்தைத் தின்றுவிட்டார். அக்கா மட்டும் மைக் முன்னால் வாயடைத்துப் போய், கடைசியில் வேளாவேளைக்குச் சாப்பிடு என்று சொன்னாள். ஹெட்ஃபோனில் டேப் பக்கம் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு குரலும் கண்ணாடி.

6-8-86, புதன்
கெம்பம்மா கேட்கிறாள்: முதல் கேசட் நன்றாக இருந்தது, இரண்டாவதில் மட்டும் பாடுகிறவர் ஏன் வாயை மூடிக்கொண்டு பாடுகிறார்? ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடை என்றேன். பஸ்ஸில் வரும் வெள்ளையம்மாவும் அதையே சொன்னாள். அவளுடைய செட்டைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னேன். என் வீட்டில் போட்டால் கணீர் என்று கேட்கிறதே! நல்ல சரக்கு கெட்ட மிஷினில் கெட்டுப் போனால் அதற்கு நான் பொறுப்பா?

14-8-86, வியாழன்
பிலாயிலிருந்து கடிதம். அக்கா பஸ்ஸில் கொடுத்தாள், படித்தேன். பேசுவது புரிகிறதாம், யார் பேசுகிறார்கள் என்றுதான் தெரியவில்லையாம். அப்பா குரலும் தம்பி குரலும் ஒன்றுபோல இருக்கிறதாம். "அம்மா பேசினது எந்த இடத்திலேன்னு கண்டுபிடிக்க முடியலை" என்று எழுதியிருக்கிறாள்.

எனக்குச் சுரீர் என்றது. ஒன்பது குரலையும் நானே கேட்டு அனுப்பியிருக்கிறேன். உன் மகள் வைத்திருப்பது ஏதோ தகர டப்பா செட்டாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல.

அக்கா கடிதத்தை மடித்து வைத்தாள். "அது நான் என் போனஸ்ல வாங்கி, சீர்ல வெச்சுக் குடுத்த செட்டு சரோஜா." அவ்வளவுதான். அடுத்த ஸ்டாப்பில் எழுந்து முன் சீட்டுக்குப் போய்விட்டாள்.

18-8-86, திங்கள்
தனியாகச் சாப்பிட்டேன். சாம்பாரில் உப்பு இல்லை. சொல்வதற்கு ஆள் இல்லை.

24-8-86, ஞாயிறு
மனசு சரியில்லை. பாட்டாவது கேட்போம் என்று ஜூனில் எனக்காகப் பதிந்த கேசட்டைப் போட்டேன். மந்தம். போர்வைக்குள் பாடுகிறார்கள். இதே டெக்கில், இதே கையால் பதிந்தது! கடையில் வாங்கிய ஒரிஜினல் ஒன்றைப் போட்டேன். அதுவும் மந்தம். போன வாரம் பதிந்ததைப் போட்டேன் — கணீர்.

உட்கார்ந்துவிட்டேன். திருகு. அன்றைக்கு அக்காவின் கல்யாணக் கேசட்டுக்காகத் திருப்பிய திருகு. அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரவே இல்லை! ஒரு சாய்ந்த கேசட்டுக்காக என் ஹெட்டைச் சாய்த்துவிட்டு, அன்றிலிருந்து பதிந்த அத்தனையையும் சாய்த்தே பதிந்திருக்கிறேன். பதிந்ததும் சாய்வு, கேட்டதும் அதே சாய்வு. அப்புறம் எனக்கு எப்படிக் குறை தெரியும்? ஊரில் இருக்கும் நல்ல செட்டுகளுக்குத்தான் தெரிந்தது. அவற்றையெல்லாம் இரும்புக்குப் போடச் சொன்னவள் நான்.

கெட்டுப்போன பீஸுக்கு ஒத்து வருகிற மாதிரி அளக்கிற கேஜைத் திருப்பி வைப்பது — எங்கள் இன்ஸ்பெக்ஷன் ரூமில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. போன வருஷம் டிரெய்னி ஒருத்தி செய்தபோது அவள் அழும்வரை திட்டினேன். என்னை யார் திட்டுவது? வெட்கமா இருக்குது. பிள்ளைத்தாய்ச்சிப் பொண்ணு, அம்மா குரலைத் தேடித் தேடிக் கேட்டிருக்காளே. அதுக்கு மேல நான் வேற வாய்க்கு வந்தபடி பேசி...

மூன்று ஒரிஜினல் கேசட்டைப் போட்டுக் கேட்டு, திருகை நேராக்கினேன். ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்து அசையாமல் பண்ணினேன். இவர் எட்டிப் பார்த்து, மிஷினுக்கு அலங்காரமா என்றார். சிரிக்க முடியவில்லை.

25-8-86, திங்கள்
பஸ்ஸில் எழுந்து நின்று சொன்னேன். சத்தமாகத் திட்டியதை ரகசியமாகத் திரும்ப வாங்க முடியாது. ஜூலை பன்னிரண்டுக்கு அப்புறம் நான் பதிந்த அத்தனை கேசட்டும் ரிஜெக்ட், உங்கள் செட்டில் ஒரு குறையும் இல்லை, கொண்டுவாருங்கள், மறுபடி பதிந்து தருகிறேன் என்றேன். கெம்பம்மா கை தட்டினாள். டிரைவரும் ஹாரன் அடித்தார். அக்கா திரும்பவே இல்லை. இறங்கும்போது மட்டும் பக்கத்தில் வந்து, "கேஜைப் போய் பீஸுக்கு ஏத்த மாதிரி திருப்பி வெச்சியா? நாங்க செஞ்சிருந்தா மெமோ குடுத்திருப்பே" என்றாள்.

குடுத்திருப்பேன் அக்கா என்றேன். சிரித்தாளா, முகத்தைத் திருப்பினாளா, தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள்.

31-8-86, ஞாயிறு
ஒன்பது பேரும் வந்தார்கள். அக்கா கையில் பக்கத்து வீட்டு டேப்ரிகார்டர். முனிலட்சுமிக்கு வாங்கிக் கொடுத்த அதே மாடல்.

"மொதல்ல ஒரு நிமிசம் பதி. இதுல போட்டுப் பாத்து நான் ஓகே சொன்னாத்தான் மிச்சம்" என்றாள். மெஷினில் எந்த வேலை ஆரம்பித்தாலும் முதல் பீஸை நான் பார்த்து ஓகே போடாமல் அவள் அடுத்ததைத் தொட முடியாது. இன்றைக்கு அவள் இன்ஸ்பெக்டர், நான் ஆபரேட்டர். ஒரு நிமிஷம் பதிந்து கொடுத்தேன். காதை ஒட்டி வைத்துக் கேட்டாள். மறுபடி ஓட்டிக் கேட்டாள். நான் கை கட்டி நின்றேன். பின்களை நீட்டிவிட்டு இவர்கள் தினம் எப்படி நிற்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. "ம், பாஸ்" என்றாள்.

இந்தத் தடவை மைக்கை முதலில் அவளே பிடித்தாள். வாயடைக்கவில்லை. "முனி, உன் செட்டு நல்ல செட்டும்மா. தப்பு எங்கேன்னு சின்னம்மாவே சொல்லுவா" என்று மைக்கை என் மூஞ்சிக்கு நீட்டிவிட்டாள். மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டேன். தப்பு என்னோடதுதான், உன் அம்மா குடுத்த செட்டைப் பழிச்சுட்டேன், மனசுல வெச்சுக்காதே கண்ணு என்றேன். நான் சொல்லி வாயை மூடுவதற்குள், அதே சொற்கள் டேப்பிலிருந்து ஹெட்ஃபோனில் என் காதுக்கே வந்தன. ஒரு எழுத்துகூட மந்தமில்லை.

சானமாவு மாமாவுக்கு ஐந்து நிமிஷம்தான் என்று அக்கா முன்கூட்டியே கண்டிஷன் போட்டாள்.

19-9-86, வெள்ளி
கடிதம் வந்தது. அக்கா என்னையே சத்தமாக வாசிக்கச் சொன்னாள். எல்லோர் குரலும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கிறதாம். அம்மா பேசும்போது மூக்குத்தி மைக்கில் இடித்த சத்தம்கூடக் கேட்டதாம். வீட்டுக்கு யார் வந்தாலும் மாப்பிள்ளை அந்தக் கேசட்டைப் போட்டுக் காட்டுகிறாராம். எந்த இடத்தை என்று கேட்க வேண்டுமா? சின்னம்மா மன்னிப்புக் கேட்கும் இடத்தைத்தான். பிலாயில் பாதிப் பேருக்கு என் குரல் தெரியுமாம்.

அக்கா கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்து, என் தோளிலேயே சாய்ந்துவிட்டாள். ஓசூர் வந்து சேரும்வரை அந்த ஒரு வரியையே நாலு தடவை வாசிக்க வைத்தாள்.