இறங்கும் முன் வர வேண்டிய குரல்

இன்று காலை இருங்காட்டுக்கோட்டை டீக்கடையில் பாட்டு ஒரு கணம் திக்கிவிட்டு மறுபடி ஓடியது. யாரும் கவனிக்கவில்லை. நான் மட்டும் டம்ளரைக் கீழே வைத்தேன். "கேட்டியா?" என்று உன்னிடம் கேட்கத் திரும்பினேன். நீ போய் ஒரு மழைக்காலம் ஆகிவிட்டது என்பது அப்புறம்தான் உறைத்தது.

கார் சீட்டுக்குத் தகடு அழுத்தும் அந்தப் பழைய பிரஸ்தான் நம்மைச் சேர்த்து வைத்தது. நீ பாதுகாப்புப் பிரிவு என்ஜினியர், பென்னலூர்க்காரி. நான் தூத்துக்குடியிலிருந்து வந்து, பிரஸ்ஸை இயக்கும் கம்ப்யூட்டருக்கு மென்பொருள் எழுதியவள். பிரஸ் இறங்கும் முன் ஸ்பீக்கரில் 'கையை எடுங்க' என்று குரல் வர வேண்டும். அது சில நேரம் 'கை... எடு...' என்று அறுந்து அறுந்து வந்தது.

சவுண்ட் கார்டு தன்னிடம் இருக்கும் ஒலி தீர்வதற்குள் 'அடுத்த துண்டைக் கொடு' என்று கம்ப்யூட்டரைக் கூப்பிடும். அந்தக் கூப்பாட்டைத்தான் இன்டரப்ட் என்போம். பதில் தாமதமானால் குரல் அறுந்துவிடும். பதில் சொல்ல வேண்டியது நான் எழுதிய டிரைவர் என்ற நிரல். அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒலியை முன்கூட்டியே நிறையச் சேர்த்து வைக்கும்படி மாற்றிப் பார்த்தேன். குரல் துளி பிசிறில்லாமல் வந்தது. சூப்பர்வைசருக்குச் சந்தோஷம். "சூப்பர் மேடம், லைனை ஓட்டிடலாம்" என்றார்.

நீ மட்டும் பிரஸ் எதிரிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். திடீரென்று ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தாய். பிரஸ் பாதியில் நின்றது. தகட்டை வைத்துவிட்டு அப்போதுதான் கையை இழுத்திருந்த ஆபரேட்டர் முருகேசண்ணன் திகைத்துப் போனார்.

"இன்னாடி இது? மெஷின் எறங்கிக்கினு கீது, அப்பால கைய எடுன்னு சொல்லுது!" என்று என்னிடம் கேட்டாய்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நிறையச் சேர்த்துக்கொண்டு பேசத் தொடங்கியதால் குரல் பிந்திவிட்டது.

"லாரி வெளிய நிக்குதும்மா. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார் சூப்பர்வைசர்.

"அண்ணன் கை போச்சுன்னா நாளைக்கு வருமா சார்? லைன் ஓடாது."

அவர் கத்தினார். நீ நகரவில்லை. பிறகு கேன்டீனில் தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாய். "செம பயம்டி. பயமில்லாத மாதிரி நிக்கத் தெரியல, பயந்துக்கினே நின்னுட்டேன்" என்றாய்.

மறுநாள் கோளாறு பிடிபட்டது. தகட்டைப் படம் எடுக்கும் கேமரா கார்டும் சவுண்ட் கார்டும் ஒரே இன்டரப்ட் வழியில் இருந்தன. கேமராவின் டிரைவர் முழுப் படத்தையும் நகலெடுத்து முடிக்கும் வரை வழியை விடவில்லை. சவுண்ட் கார்டின் கூப்பாடு வாசலில் காத்துக் கிடந்தது. நகலெடுக்கும் வேலையைக் கூப்பாட்டுக்குப் பதில் சொன்ன பிறகு நடக்கும்படி பின்னால் தள்ளினேன். ஒலிச் சேமிப்பைப் பழையபடி குறைத்தேன். குரல் அறுபடாமல், நேரத்துக்கு வந்தது.

நீ அப்போதும் விடவில்லை. "ஸ்பீக்கர் வயர் புட்டுக்கினா?" என்று கேட்டாய். ஸ்பீக்கர் அருகில் ஒரு மைக் வைத்து, அது குரலைக் கேட்டால்தான் பிரஸ் அசையும் என்று மாற்றினோம். அன்று ஷிப்ட் முடிந்து முருகேசண்ணன் பைக்கை எடுத்தபோது, ஹேண்டில்பாரில் இருந்த அவர் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு மழை வந்தது, உனக்குக் காய்ச்சல் வந்தது. ஐசியூ கதவுக்கு வெளியே உட்கார்ந்து உள்ளே கேட்ட பீப் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். சத்தம் சீராகத்தான் வந்தது. அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது ஒரகடத்தில் வேறொரு கம்பெனி. புது மெஷினைச் சரிபார்க்கும் பொறுப்பு எனக்கு. ஆபரேட்டர் நிற்கும் இடத்தில் போய் நின்று பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. இன்று மதியமும் நின்றேன்.

"டெஸ்ட் எல்லாம் ஓகே மேடம். இன்னும் இன்னா பாக்குறீங்க?" என்று லைன் மேனேஜர் கேட்டார்.

"எனக்குப் பயமா இருக்கு சார். இன்னொரு தடவை ஓட்டுங்க."

முன்பென்றால் நாலு பேர் எதிரில் இதைச் சொல்ல வெட்கப்பட்டிருப்பேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு ஓட்டச் சொன்னார்.