நாலு டிரம் குடிதண்ணீர்

பசியாவரம்
10.9.2023

அன்புத் தம்பி தானியேலுக்கு,

அக்கா சோபியா எழுதுகிறேன். நாங்கள் நால்வரும் நல்ல சுகம். நீ அங்கே கொச்சியில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் என் கவலை. போனை உன் மாமா படகுக்குக் கொண்டுபோய்விடுகிறார். சாயங்காலம் வந்ததும் பிள்ளைகள் பிடுங்கிக்கொள்கிறார்கள். எனக்கு மிச்சம் இந்தப் பேனாதான்.

ஒரு வேடிக்கை கேள். நேற்று இறால் குழம்பு கொதிக்கும்போது மேலிருந்து ஒரு சில்லு பெயர்ந்து சட்டிக்குள் பொத்தென்று விழுந்தது. "இன்னாடி, கொழம்புல சிமெண்ட் வாசன அடிக்குது?" என்று உன் மாமா ஒரே கிண்டல். நீ போட்ட கான்கிரீட் கூரைதான், மேஸ்திரி ஐயா! ஐந்து வருஷம் தாண்டியதும் இந்த லட்சணம். நடுவீட்டில் மேற்கு ஓரமாக ஒரு பழுப்புக் கோடு ஓடுகிறது. சுண்ணாம்பு அடித்தேன். பத்தே நாளில் மறுபடி வெளியே வந்து பல்லைக் காட்டுகிறது.

மற்றபடி பெருமைக்குக் குறைச்சல் இல்லை. எங்கள் தெருவில் கான்கிரீட் வீடு இது ஒன்றுதானே. போன புயலுக்கு முப்பத்தெட்டுப் பேர் நம் வீட்டில்தான் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக் காந்தா இந்த வருஷத்துக்கு இப்போதே இடம் பிடித்துவிட்டாள். "மழ வந்தா என் புள்ளைங்க நாலுக்கும் அந்த மேற்கு மூலதான், இப்பவே சொல்ட்டேன்க்கா" என்கிறாள்.

நேரம் கிடைத்தால் இரண்டு வரி எழுது.

உன் அக்கா,
சோபியா

கொச்சி
18.9.2023

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குழம்பு சமாசாரத்தைப் படித்துச் சிரித்தேன். இங்கே பன்னிரண்டு மாடிக்கு வேலை நடக்கிறது. மூன்று வேளையும் சோறுதான், கவலைப்படாதே.

அக்கா, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். அந்தக் கோடு நேராகப் போகிறதா, கோணலாகவா? ஒன்றுதானா, பக்கத்தில் வேறு இருக்கிறதா? ஒரு நீளக் கம்பை எடுத்து மெல்லத் தட்டிப் பார். சத்தம் கணீரென்று வருகிறதா, வெற்றுப் பானை மாதிரி வருகிறதா? தட்டும்போது நேர் கீழே நிற்காதே.

மாமா மொட்டைமாடியில் வலைக் குவியலும் ஐஸ் பெட்டியும் வைத்திருப்பார். இறக்கச் சொல். தண்ணீர்த் தொட்டியையும் இறக்கிவிடுங்கள். வெயிலில் வலை பாழாகும் என்று ஏதாவது சொல்லிக்கொள். பிள்ளைகளை மேற்குப் பக்கம் படுக்கப் போடாதே, தூசி விழும். பயப்பட ஒன்றுமில்லை.

உன் தம்பி,
தானியேல்

பசியாவரம்
4.10.2023

அன்புத் தம்பிக்கு,

பயப்பட ஒன்றுமில்லை என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்குப் பயமே வந்தது.

நீ சொன்னபடி பார்த்தேன். கோடு ஒன்றல்ல, ஐந்து. எல்லாம் நேர்கோடு, ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளி. கிழக்குப் பாதியைத் தட்டினால் கணீரென்கிறது. மேற்குப் பாதி முழுக்க வெற்றுப் பானை. தட்டிக்கொண்டே இருந்தேன், சோற்றுத் தட்டு அளவுக்கு ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. முக்காலி போட்டு ஏறி உள்ளே கம்பியைத் தொட்டேன். துரு ஏடு ஏடாகக் கையோடு வந்தது.

உன் மாமா எதையும் இறக்கமாட்டாராம். "வலைய கீழ போட்டா எலி கடிக்கும். உன் தம்பி தலமேல வெக்கிறதா? அவன் கட்ன வூட்டுக்கு அவனே பயப்பட்றானா?" என்று கத்துகிறார். இப்போதெல்லாம் அரிசி களையும்போதுகூட மேலேயே பார்க்கிறேன். கழுத்து வலிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாய். "அங்க மழையா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். சின்ன வயதில் ஏதாவது திருட்டுத்தனம் பண்ணிவிட்டு வந்தால் நைனாவிடம் நீ இப்படித்தான் மழையைப் பற்றிப் பேசுவாய். என்னடா மறைக்கிறாய்?

அக்கா,
சோபியா

பசியாவரம்
14.11.2023

தானியேலு,

நாற்பது நாளாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கடலில் காற்று மாறிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். காந்தா பாயெல்லாம் தட்டி வெயிலில் போட்டுவிட்டாள்.  நீ விளக்கமெல்லாம் எழுத வேண்டாம். அந்தக் கூரைக்குக் கீழே ஆட்கள் இருக்கலாமா, கூடாதா? அதை மட்டும் எழுது.

சோபியா

கொச்சி
25.11.2023

அக்கா,

கூடாது.

நாலு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். கான்கிரீட் போட்ட அன்று பழவேற்காட்டிலிருந்து நம் தீவுக்கு நல்ல தண்ணீர்ப் படகு காலையில் ஒரு நடைதான் வந்தது. மே மாதம், ஏரி வற்றிக் கிடந்தது. இரண்டாவது நடைக்குப் படகு சேற்றில் தட்டி நின்றுவிட்டது. அப்போது கிழக்குப் பாதி முடிந்திருந்தது. பாதியில் நிறுத்தினால் பழசும் புதுசும் சேரும் இடம் காலத்துக்கும் ஒழுகும், ஆட்களும் மறுநாள் வரமாட்டார்கள். உப்பு ஏரியிலேயே வாளியைப் போட்டேன். மேற்குப் பாதி முழுக்க ஏரித் தண்ணீரில் கலந்தது.

உப்பு கம்பியைத் தின்னும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். இருபது வருஷம் தாங்கும், அதற்குள் இடித்துக் கட்டிவிடலாம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். துரு ஏறினால் கம்பி பருக்கும். பருத்த கம்பி சிமெண்டைத் தள்ளும். உன் குழம்பில் விழுந்தது வெறும் பூச்சு அல்ல, கூரைதான். புயல் மழை மாடியில் தேங்கினால் அந்தப் பாரத்தை அது தாங்காது. முட்டுக் கொடுத்தாலும் நம்பாதே.

போனில் சொல்லத்தான் கூப்பிட்டேன். உன் குரலைக் கேட்டதும் வாய் வரவில்லை. நான் பயந்தாங்கொள்ளி, அக்கா. தப்பு என்னுடையது, முழுக்க என்னுடையது. மாமாவிடம் இதைக் காட்டு. யாரையும் உள்ளே விடாதே, உன் காலில் விழுகிறேன்.

தானியேல்

பசியாவரம்
9.12.2023

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் போன சனிக்கிழமை வந்தது. புயல் வருகிறதென்று ஞாயிற்றுக்கிழமை மதியமே பாயும் பாத்திரமுமாகத் தெருவே நம் வாசலில் நின்றது. நான் கதவைப் பூட்டிக் குறுக்கே நின்றேன்.

"இன்னாக்கா, பூட்டிக்கினு நிக்கிற?"

"உள்ள வராதீங்க. கூர ஏரித் தண்ணில போட்டது, விழுந்துடும். எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போலாம்."

காந்தா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நாங்க வர்றது புடிக்கலன்னா நேரா சொல்லு. போன வருசம் நல்லா இருந்த கூர மேல ஏன் பழி போட்ற?" அத்தனை பேர் முன்னால் அப்படியே கூசிப்போனேன். உன் மாமா கடிதத்தைப் படித்திருந்தார்.  காந்தாவின் கடைசிப் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு மழையில் முதல் ஆளாகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்.

இரண்டு நாள் அங்கே இருந்தோம். ஒருத்தர்கூட என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்: கர்த்தரே, கூரை விழக் கூடாது என்று ஜெபித்தேன். அடுத்த நிமிஷமே, விழாவிட்டால் இந்த ஊரில் எப்படித் தலைகாட்டுவேன் என்றும் நினைத்தேன். இரண்டுக்கும் பயந்து செத்தேன்.

செவ்வாய்க்கிழமை மழை விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் வீடு அப்படியே நிற்கிறது. காந்தா ஒரு பார்வை பார்த்தாள். நான் கதவைத் திறந்தேன். மேற்கு மூலையில் தரையே தெரியவில்லை. கூரையில் பாதி கீழே கிடந்தது, ஓட்டை வழியாக வானம் தெரிந்தது. மாமாவின் ஐஸ் பெட்டி நசுங்கிக் கிடந்தது. "நாலு பேரும் அங்கதான் படுப்பாங்க" என்று மட்டும் சொன்னாள் காந்தா. என் கையைப் பிடித்தவள் வெகுநேரம் விடவே இல்லை.

நீ எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. கான்கிரீட் போட்ட அன்று மதியம் நம் வீட்டுக்குள் நாலு டிரம் குடிதண்ணீர் இருந்தது. நீ வந்து கேட்டாய். "குடிக்கிற தண்ணிய யார்னா சிமெண்ட்ல கொட்டுவாங்களாடா? அதான் ஏரி நெறைய கெடக்கே" என்று உன்னை விரட்டினது நான்தான். தீவுக்காரி புத்தி. குடிதண்ணீரில் காலைக்கூடக் கழுவமாட்டோமே நாம். இந்த ஐந்து வருஷத்தில் நீ அதை யாரிடமும் சொல்லவில்லை. போன கடிதத்திலும் தப்பு முழுக்க உன்னுடையது என்றே எழுதியிருக்கிறாய். உன் மாமாவிடம் நேற்று நானே சொல்லிவிட்டேன். இப்போது அவர் நம் இருவரோடும் பேசுவதில்லை.

ஆனாலும் உன்மேல் எனக்குக் கோபம்தான். வேலை தெரிந்தவன் நீ. என்னைத் தள்ளிவிட்டு எடுத்திருக்கக் கூடாதா?

மிச்சக் கூரை இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. காந்தா வீட்டில்தான் இருக்கிறோம். வேறு மேஸ்திரியை நான் கூப்பிடமாட்டேன். நீ வந்து இடி, நீயே திரும்பப் போடு. அவள் வீட்டுச் சுவரோரம் குடிதண்ணீர் டிரம் அடுக்க ஆரம்பித்துவிட்டேன். மூன்று நிரம்பிவிட்டன, பிள்ளைகளைக்கூடத் தொட விடுவதில்லை. நாலாவது நாளைக்குப் படகில் வருகிறது.

உன் அக்கா,
சோபியா