கடைசியாகப் போன படகு

பிளாக்வாட்டர் கோவ், கேப் பிரெட்டன்
9 ஜூன் 1997

அன்பு மகள் பிரென்னாவுக்கு,

மாதாவின் தயவில் நானும் அப்பாவும் நலம், நாஷ்வில் வெயிலில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். அப்பாவுக்கு முட்டி வீங்கியிருக்கிறது, ஆனால் சிங்கி இறால் பருவம் முடியாமல் டாக்டரிடம் போக மாட்டாராம், சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. நீ பாடிய கேசட் வந்து சேர்ந்தது. பத்துக் காதல் பாட்டையும் கேட்டோம். அப்பா படகிலும் அதையேதான் போடுகிறார், கூடப் போகிற ரோடி "ஹியூயி அண்ணே, வேற எதாச்சும் போடுங்க, கூண்டுல வச்ச இரையே அழுவுது" என்று கெஞ்சுகிறானாம்.

உன் குரலைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் ஒன்று கேட்கிறேன், காதலைப் பாடுகிறவள் ஆளை மறைத்துப் பாடக் கூடாதா? மூன்றாவது பாட்டைத்தான் சொல்கிறேன். பச்சை பிக்கப் வண்டி, புருவத்தில் தழும்பு, பருவம் தொடங்கிச் சிங்கி இறால் கூண்டு இறக்கும் நாள், எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் பெயரை மட்டும் விட்டுவிட்டால் அது லாக்லன் என்று நானூறு பேர் இருக்கிற ஊரில் யாருக்குத் தெரியாது? ஊரை விட்டுப் போன அன்று நீ ஏழு மணி வரை ஜன்னலில் காத்திருந்தாயாம், அவன் படகுதான் துறையை விட்டு முதலில் போனதாம். இப்போது அவன் சாமான் வாங்கப் போனால் கடைக்கார எஃபி கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, "பொண்ணுக்கு ரெண்டு காலு, றாலுக்குப் பத்துக் காலு, அதான் றாலே போதும்னு போயிட்டியா லாக்லன்?" என்று கேட்கிறாள், வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். அவன் பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போகிறான். அவன் மனைவி ஷோனா இரண்டு வாரமாகக் கோயில் பாட்டுக் குழுவுக்கு வரவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அவன் படகு முதலில் போகவில்லையடி. அன்றைக்குக் கடைசியாகப் போனதே அவன் படகுதான். அந்த மூடுபனியில் உன் ஜன்னலிலிருந்து நீ எந்தப் படகைப் பார்த்தாய்? இன்ஜின் சத்தத்தைக் கேட்டு நீயாக முடிவு செய்துகொண்டாய். ஆறு மணிக்கு எல்லாப் படகும் சேர்ந்து கிளம்பியபோது அவன் இல்லை, நல்ல இடத்தில் எல்லாம் மற்றவர்கள் கூண்டை இறக்கிவிட்டார்கள், அந்த வருஷம் முழுக்க அவனைத் தூங்குமூஞ்சி என்று கூப்பிட்டது இதே எஃபிதான். இப்போது முதலில் போனான் என்று அதே வாயால் கேலி பேசுகிறாள். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க இந்த ஊரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஒருத்தனுக்குத் தோன்றியிருக்கிறது. போன ஞாயிறு மதியம் யாரோ முன்கதவைத் தட்டினார்கள். போலீசும் பாதிரியாரும் தவிர இங்கே யார் முன்கதவைத் தட்டுவார்கள், யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிப்போய்த் திறந்தால் லாக்லன். பிறந்ததிலிருந்து பின்கதவு வழியாக, கேட்காமல் கொள்ளாமல் வந்து ஓட்ஸ் பிஸ்கட் டப்பாவைத் திறந்தவன். டீ போட்டுக் கொடுத்தேன், தொடவில்லை. "ஏழு மணி வரைக்கும் அவ வீட்லதான் இருந்தாளாமே, ஃப்ளோராம்மா?" என்றான். நான் அவன் தொடாத டீயை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

பிரென்னா, அன்றைக்கு அவன் வந்தான். அப்பா படகுக்குப் போன பிறகு, ஐந்தரை மணிக்கு, கூண்டுகளை ஏற்றின படகைத் துறையில் கட்டிப்போட்டுவிட்டு, ரப்பர் கால்சட்டையோடு ஓடி வந்து பின்கதவில் மூச்சிரைக்க நின்றான். நீ மாடியில் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாய். முந்தின நாள் அவனோடு சண்டை போட்டு, "நான் வேணும்னா காலையில வா" என்று நீ சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். "அவ நேத்தே கிளம்பிட்டாப்பா" என்று சொன்னேன். உடனே துறைக்குத் திரும்பாமல் கடற்கரையோரமாக நடந்து போய்விட்டான். ஊரே படகுத்துறையில் இருந்ததால் ஏழு மணிக்கு நீ சித்தப்பா வண்டியில் ஏறியதை யாரும் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்திருந்தால் நீ பெட்டியை இறக்கி வைத்திருப்பாய். நர்ஸ் படிப்புக்கு ஹாலிஃபாக்ஸ் போக இருந்த நான் இதே துறையில்தான் என் பெட்டியை இறக்கி வைத்தேன், உன் அப்பாவுக்காக. அது தப்பு என்று சொல்லவில்லை. நீயும் அப்படிச் செய்யக் கூடாது என்று நினைத்தேன். ஒன்பது வருஷமாக அதைச் சரி என்றே வைத்திருந்தேன், உன் பாட்டு வந்து எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுவிட்டது. உன்மேல் கோபப்பட எனக்கு ஒரு நியாயமும் இல்லை, ஆனாலும் கோபம்தான் வருகிறது.

போகும்போது அவன் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "பாட்டு நல்லாருக்கு. அவகிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க, மாத்திருவா" என்றான். போனதும் முன்கதவு வழியாகத்தான். அவன் பேச்சைக் கேட்காமல்தான் இதை எழுதுகிறேன். ஆகஸ்டில் நீ ஊருக்கு வந்து கோயில் மண்டபத்தில் பாடும்போது அந்தப் பாட்டைப் பாடுவதோ விடுவதோ உன் இஷ்டம், ஆனால் தெரிந்து பாடு.

மாதா உன்னையும் உன் தொண்டையையும் காப்பாற்றட்டும். அப்பாவுக்கு இன்னும் தெரியாது, இன்று சாயங்காலம் சொல்லப் போகிறேன். ஆகஸ்டிலும் இங்கே மூடுபனி இறங்கும், கம்பளிச் சட்டை கொண்டு வா. என்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் பின்கதவு வழியாகவே வா. நீயும் முன்கதவைத் தட்டினால் என்னால் தாங்க முடியாது.

உன் அம்மா,
ஃப்ளோரா