மேசு மணத்த பியர்

மச்சான்,

இன்று காலை மழையில் நனைந்து வீட்டுக்கு வந்து, சப்பாத்தையும் உள்ளே போட்டிருந்த கால் மேசுகளையும் கழற்றினேன். மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். நான் கழற்றிய மேசுகளைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றேன். உன் நினைவு வந்துவிட்டது.

உணவு விஞ்ஞானம் படித்த நம்மைப் பல்கலைக்கழகம் பியர் காய்ச்சும் முறை பழக ஜேர்மனிக்கு அனுப்பியது. கல்முனையில் வாப்பா, "மகன் மா புளிக்க வைக்கிற படிப்புக்குப் போறான்" என்று பள்ளிவாசலில் சொல்லிவைத்தார். அதுவும் பொய்யில்லை. எனக்கு ஹராம், ஒரு சொட்டும் வாயில் வைக்க முடியாது. காரைதீவுக்காரனான உனக்கு அந்தத் தடை இல்லை. ஆனாலும் முதல் நாளே நீ எழுந்து, அம்மனுக்கு நேர்த்தி இருப்பதால் நீயும் குடிப்பதில்லை என்று ஆசிரியையிடம் சொன்னாய்.

"அம்மன் சடங்கு எப்பயோ முடிஞ்சிட்டேடா?" என்றேன் மெதுவாக.

"ஓம். நான் குடிச்சா நீ தனிச்சுப் போயிருவாய். அம்மனோட நான் கதைச்சுக்கொள்றன்."

கடைசிப் பரீட்சை, பழுதான பியரில் என்ன பழுது என்று கண்டுபிடிப்பது. நாம் இருவரும் ஒரே அணி. குடிக்காமல் முகர்ந்தே சொல்கிறோம் என்றோம். ஆசிரியை தலையில் கைவைத்தார். பிழைவிட்டால் வந்த பயணத்துக்கே புள்ளி இல்லை என்றார். ஒரு கிண்ணத்தில் பஸ் நிலையத்து அவித்த சோளம் மணத்தது. இன்னொன்றில் புளித்த எருமைத் தயிர். இரண்டும் சரி. கடைசிக் கிண்ணத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நீ முகர்ந்துவிட்டு என் காலைப் பார்த்தாய்.

"டேய், இது உன்ட மேசுடா!"

அதை ஆங்கிலத்தில் சொல்லும் மானக்கேடு எனக்கு வாய்த்தது. ஆசிரியை கைதட்டினார். கசப்புக்குப் போடும் ஹொப்ஸ் பூ பழசானால் அதே மணம்தானாம். என் மேசு புண்ணியத்தில் இருவரும் பாஸ்.

போன மாதம் டெங்கு உன்னைக் கொண்டுபோனது. செத்தவீட்டுப் பந்தலில் பால் விடாத பிளேன்டி தந்தார்கள். பழக்கத்தில் முதலில் முகர்ந்தேன்.

"மச்சான், புகை ஏறிட்டுடா" என்று பக்கத்துக் கதிரைக்குச் சொன்னேன்.

"ஓம் தம்பி, விறகு ஈரம்" என்றார் அதில் இருந்த உன் மாமா.

அப்போதுதான் அழுதேன். எதை முகர்ந்தாலும் இன்னும் உன் பக்கம்தான் திரும்புகிறேன். அந்தப் பொய் நேர்த்தியைப் பற்றி அம்மன் கேட்டால், எல்லாம் எனக்காகத்தான் என்று சொல். நீ அங்கே தனிச்சு நிற்பாய் என்று நினைக்கத்தான் என்னால் முடியவில்லை.