வரக்கூடாத கோடு

ஜனவரி 9

அன்புள்ள சுண்டெலிக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் உறையைக் கிழித்துப் போட்டுவிடாதே. பதினான்கு வருடம் கழித்து என்ன திடீர்க் கரிசனம் என்று நினைப்பாய். நியாயம்தான். நம் ஆய்வுக்கூடத்தின் பழைய ஸ்டோர்காரரிடம் உன் முகவரியை வாங்கினேன். நீ ஓர் ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறாய் என்றார். "அந்தப் பொண்ணு அப்பவே கெட்டிக்காரி மேடம், நீங்கதான் விட்டுட்டீங்க" என்று ஒரு குத்தும் குத்தினார்.

நான் இருக்கிறேன். முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஆகஸ்டில் ஓய்வு.

விஷயத்துக்கு வருகிறேன். நம் முயலின் இரத்தத்திலிருந்து எடுத்தோமே, அந்த ஆன்டிபாடி. சாகப்போகும் செல்லுக்குள் ஒரே ஒரு புரதத்தைத் தேடிப் பிடிக்கும், பிடித்த இடம் ஃபிலிமில் கறுப்புக் கோடாக விழும் என்று உலகத்துக்கே சொன்னோம். செல் தன்னைத் தானே அழித்துக்கொள்வது இந்தப் புரதத்தால்தான் என்று கட்டுரை எழுதினேன். இந்த நாற்காலி எனக்குக் கிடைத்ததே அதனால்தான்.

போன மாதம் என் கடைசி மாணவி வந்து நின்றாள். அந்தப் புரதம் உண்டாகவே முடியாதபடி மரபணுவை நீக்கிய செல்களில் சோதித்திருக்கிறாள். கோடு வரக்கூடாது. வந்திருக்கிறது. "மேடம், இது வேற எதையோ பிடிக்குது. நாம தேடுறதப் பிடிக்கவே இல்ல" என்றாள். சொல்லிவிட்டு, நான் அடித்துவிடுவேன் என்பதுபோல் ஓர் எட்டு பின்னால் போனாள்.

இதே சோதனையைச் செய்து, இதே ஃபிலிமோடு, ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் நீ எழுந்து நின்றாய். நீ சொன்னது சரி. நான் சொன்னது தவறு. இதை எழுத இந்தத் தாளுக்கு முன் நான்கு தாள் வீணாயிற்று.

உன் வீட்டுக்காரர், பையன் எல்லோரும் சுகமா?

அன்புடன்,
அக்கா


ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

உறையைக் கிழித்துப் போடவில்லை. ஆனால் ஒரு வாரம் கைப்பையிலேயே கிடந்தது. இங்கே எல்லோருக்கும் நான் மேடம். சுண்டெலி என்று கூப்பிட ஆளில்லாமல் போய், அந்தப் பெயரைப் படித்ததும் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன்.

அவர் சுகம். பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர். உலகத்துக்கே நேரம் சொல்வார், வீட்டுக்கு மட்டும் தாமதமாக வருவார். பையனுக்குப் பதினைந்தாகிறது. என்னைவிட உயரம்.

அந்தத் திங்கட்கிழமை அவன் ஐந்து மாதக் குழந்தை. நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? நான் சொல்கிறேன். "கைக்குழந்தைக்காரி. ராத்திரி தூக்கம் கிடையாது. குழாயை மாத்தி வச்சிருப்பா. விடுங்க, அடுத்த படத்தப் பாப்போம்." என்னிடம்கூடச் சொல்லவில்லை. மற்றவர்களைப் பார்த்துச் சொன்னீர்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

அவமானத்தை நான் ஒரு மாதத்தில் விழுங்கிவிட்டேன் அக்கா. விழுங்க முடியாதது வேறு. நீங்கள் சொன்னதை நான் நம்பினேன். உங்களைவிட எனக்குத் தெரிந்துவிடப் போகிறதா என்று நம்பினேன். என் கைதான் தவறு செய்தது என்று நினைத்துத்தான் இரண்டு மாதத்தில் வேலையை விட்டேன். அதற்குப் பிறகு ஆராய்ச்சி பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. இங்கே மேற்படிப்புக்கு இரண்டு முறை அனுப்பப் பார்த்தார்கள். எனக்குச் சரிப்படாது என்று சொல்லிவிட்டேன்.

நீங்களும் தெரியாமல்தானே சொன்னீர்கள். யானைக்கும் அடி சறுக்கும். அப்படித்தான் இத்தனை நாள் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு எழுதியது சரி. ஊருக்கு எப்போது எழுதப் போகிறீர்கள்? அந்த மாணவியை என்ன செய்தீர்கள்?

முழங்காலைக் கவனியுங்கள்.

சுண்டெலி


பிப்ரவரி 16

அன்புள்ள சுண்டெலிக்கு,

உன் கடிதத்தை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். நீ கேட்ட இரண்டு கேள்விக்கும் எட்டு நாளாகச் சாக்கு தேடினேன்.

இயக்குநரிடம் பேசினேன். "ஆறு மாசத்துல ரிட்டயர் ஆகப் போறீங்க. பழைய கட்டுரைய யாரு படிக்கிறா? மாலை மரியாதையோட போங்களேன்" என்றார். ஒரு கணம் அதுவே சரி என்று பட்டது, உன்னிடம் எதற்கு மறைக்க? ஆனால் அதை நம்பி ஏழெட்டு ஆய்வுக்கூடங்கள் இன்னும் இல்லாத இடத்தில் தோண்டிக்கொண்டிருக்கின்றன. மாணவிக்கும் மூன்று வருட உழைப்பு தண்ணீரில் போயிற்று. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் வேலைக்கு வருகிறாள். அதுதான் தாங்க முடியவில்லை.

இன்னொன்று இருக்கிறது. நீ "தெரியாமல்தானே" என்று எழுதியிருக்காவிட்டால் இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன்.

அந்தக் கூட்டத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆய்வுக்கூடத்துக்கு வந்தேன். யாரும் இல்லை. நீ குளிர்பெட்டியில் வைத்திருந்த செல்களை எடுத்து, குழாய்களுக்கு நானே பெயரெழுதி, முதலிலிருந்து செய்தேன். சாயங்காலம் இருட்டறையில் ஃபிலிமைக் கழுவினேன். கோடு வந்தது. நீ காட்டிய அதே இடத்தில்.

கட்டுரை புதன்கிழமை போயாக வேண்டும். நம்மோடு போட்டியிட்ட குழு எந்த நிமிடமும் முந்திக்கொள்ளும். இந்த ஒரு ஃபிலிமுக்கு வேறு காரணம் இருக்கும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு பார்க்கவே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். நீ ராஜினாமாக் கடிதத்தை நீட்டியபோது, "நல்லா யோசிச்சியா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேனே, அப்போதும் எனக்குத் தெரியும்.

இதைப் படித்தபின் நீ என்ன எழுதினாலும் சரி.

அக்கா


மார்ச் 3

மேடம்,

உங்கள் கடிதத்தைப் படித்து மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் "யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன்.

தவறு செய்த ஒருவரை என்னால் மதிக்க முடியும். அந்த இடத்தில்தான் இத்தனை வருடமும் உங்களை வைத்திருந்தேன். உங்கள் கட்டுரைகள் வந்தால் இங்கே இருப்பவர்களிடம், "இவங்ககிட்டதான் நான் வேலை கத்துக்கிட்டேன்" என்று பெருமையாகக் காட்டியிருக்கிறேன். இப்போது உங்களை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

உங்களிடம் ஒரு வார்த்தை இருந்தது. "உன் கை சரிதான்" என்று தனியாக, காதோடு காதாகச் சொல்லியிருந்தால்கூடப் போதும். கட்டுரையை நீங்களே வைத்துக்கொண்டிருக்கலாம். நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அதுகூட உங்களுக்குத் தோன்றவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறுங்கள். ஆறு மாதம் கழித்து அல்ல, இப்போதே. எனக்கு நன்றி என்றெல்லாம் போட வேண்டாம். எந்தத் தேதியில் யார் சோதித்தார், என்ன கண்டார், அதன் பிறகு அதை யார் மறைத்தார் என்று மட்டும் எழுதுங்கள். அந்த மாணவி கண்டுபிடித்ததை அவள் பெயரில் வெளியிடுங்கள். உங்கள் பெயர் அதில் வேண்டாம்.

இரத்தப் பரிசோதனைக் கூடப் பொறுப்பாளர்


ஜூன் 20

அன்புள்ள சுண்டெலிக்கு,

அப்படிக் கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. வேறு பெயரில் உனக்கு எழுதக் கை வரவில்லை.

அறிவிப்பு வெளியாகிவிட்டது. நகல் வைத்திருக்கிறேன். நீ சொன்னபடியே எழுதினேன். "மறைத்தார்" என்ற சொல் கடுமையாக இருக்கிறது, "கவனிக்கத் தவறினார்" என்று போடலாமே என்று பத்திரிகையிலிருந்து கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

இயக்குநர் இப்போது என்னைப் பார்த்தால் லிஃப்டை விட்டுவிட்டு மாடிப்படி வழியாக இறங்கிவிடுகிறார். விசாரணைக்குழு இரண்டு முறை கூப்பிட்டது. அந்தக் கட்டுரைக்குக் கொடுத்த விருதைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். மாணவியின் கட்டுரை அவள் பெயரில் போயிருக்கிறது. அந்த ஆன்டிபாடி உண்மையில் எதைப் பிடிக்கிறது என்றும் அவளே கண்டுபிடித்துவிட்டாள். இறந்த செல்களின் குப்பையை வாரும் செல்களை அழைத்து வரும் வேறொரு புரதம். நான் தேடியதைவிட அதுதான் சுவாரசியமானது என்கிறார்கள். பதினான்கு வருடத்துக்கு முன்னால் நீ அதைக் கண்டுபிடித்திருப்பாய். இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் உன்னிடமிருந்து எடுத்தது என்ன என்று அவள் அதைக் கொண்டுவந்து காட்டிய அன்றைக்குத்தான் எனக்கே முழுதாகப் புரிந்தது.

ஜூலைக் கடைசியில் கண் புரைக்கு உங்கள் ஊரில்தான் அறுவை. வீட்டுக்கு வந்து உன்னைப் பார்க்கட்டுமா? பத்து நிமிடம் போதும். வாசலிலேயே நின்றுவிட்டுப் போகிறேன்.

அக்கா


ஜூலை 7

அன்புள்ள அக்காவுக்கு,

அறிவிப்பைப் படித்தேன். நீங்கள் ஒரு சொல்லைக்கூட மென்று விழுங்கவில்லை. பையனிடமும் காட்டினேன். "அம்மா, இது நீயா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொன்னேன். மாணவிக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். அந்தக் குப்பை வாரும் செல்லைப் பற்றி இரண்டு நாள் யோசித்துக்கொண்டே இருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

கண் டாக்டர் நல்லவர், கைராசிக்காரர். பயப்படாதீர்கள். ஒரு மாதம் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. குனிந்து எதையும் தூக்காதீர்கள். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுங்கள். தனியாக வராமல் யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள்.

ஆனால் வீட்டுக்கு வர வேண்டாம் அக்கா.

கோபத்தில் சொல்லவில்லை. என்னை எனக்குத் தெரியும். கண்ணில் கட்டோடு நீங்கள் வாசலில் நின்றால், "ஐயோ, ஏன் நிக்கிறீங்க, உள்ள வாங்க" என்பேன். நாற்காலியைத் துடைத்துப் போடுவேன். முழங்காலுக்கு என்ன மருந்து என்று கேட்பேன். பத்து நிமிடம் முடிவதற்குள் உங்களை மன்னித்துவிடுவேன்.

அவ்வளவு சீக்கிரம் மன்னிக்க எனக்கு மனமில்லை.

சுண்டெலி