புனித ஜஸ்டினும் என் மகளின் கோபியும்

28 மே 2014, புதன்
காலையிலிருந்து தூறல். எங்கள் தமிழ்க் கடைத்தெரு லூயி-பிளாங் முழுக்கக் குடை. நான் வேலை செய்யும் விமான டிக்கெட் கடையில் நாள் முழுதும் பெட்டிக்கு எத்தனை கிலோ என்ற சண்டை. ஊருக்குச் சொக்லேட் காவவே பிறந்த சனம்.

மாலை மாஸ்டரின் போன். எங்கள் தமிழ்க் கத்தோலிக்கச் சங்கத் தலைவர். ஞாயிறு புனித ஜஸ்டின் திருநாள். "உமக்கும் அந்தப் பேர்தானே, பத்து நிமிசம் பேசும்." அறிமுக உரை அவராம். நாற்பது நிமிடம் நிச்சயம். புனிதரை யேசுவின் சீடன் என்கிறார். புனிதர் வந்ததோ நூறு வருடம் பிந்தி. இவரிடம் படித்த பிள்ளைகள் பாவம்.

30 மே, வெள்ளி
புனிதரைப் பற்றி வாசிப்பு. சமாரியாவில், புறமதக் குடும்பத்தில் பிறப்பு. கடவுளைத் தேடி வாத்தியார் வாத்தியாராக அலைச்சல். ஒருவருக்குக் கடவுளில் அக்கறையே இல்லை. அடுத்தவர் முதலில் சம்பளம் பேசினார். மாஸ்டரின் முன்னோர்கள். கடைசியில் கடற்கரையில் ஒரு கிழவர் வழிகாட்ட, கிறிஸ்தவரானார். தத்துவஞானியின் போர்வையை மட்டும் கழற்றவில்லை. பேரரசருக்கே எழுதினார்: கிறிஸ்தவன் என்ற பேருக்காகத் தண்டிக்காதீர்கள், என்ன செய்தான் என்று விசாரியுங்கள். ரோமில் தலை போயிற்று.

மகள் செலின் இன்றும் பிந்தி வந்தாள். அந்தக் கோபியோடு சுற்றிவிட்டு. பஜோல் தெருச் சைவக் கோயிலில் தேர் இழுக்கிற வீட்டுப் பெடியன். அவனைத்தான் கட்டுவாளாம். "நீங்கள் அவனோடை ஒருநாளும் கதைக்கேல்லை, பப்பா." கதைத்து?

31 மே, சனி
மனைவி ரெஜினா என் சட்டைக்கு அயன் பிடிக்க, அவளுக்கு முன்னால் உரையைப் பேசிப் பார்த்தேன். பேரரசர் இடத்தில் நிறுத்தினாள்.
"அப்ப கோபியிலை நீங்கள் கண்ட பிழை என்ன?"
"அவங்கள் சைவ சமயம்."
"அது பேர். அவன் என்ன செய்தவன் எண்டு கேக்கிறன்."
பெண்களுக்கு வரலாறு விளங்காது என்றேன். சட்டையை மடிக்காமல் போட்டுவிட்டுப் போனாள்.

1 ஜூன், ஞாயிறு
வெயில். மண்டபத்தில் வியர்வை, சென்ட், வடை. மாஸ்டர் எதிர்பார்த்ததைவிட நீளம். "புனிதர் சிலை வணங்கிறவையோடை போராடினவர். நாங்கள் எங்கடை பிள்ளையளை அங்கை குடுக்கலாமோ?" தலைகள் ஆடின. பிறகு எல்லாம் என் பக்கம் திரும்பின. செலின் கதை ஊருக்கே தெரியும். நேற்றுவரை நானும் தலையாட்டியிருப்பேன். மாஸ்டரின் வாயில் கேட்கும்போதுதான் அது எவ்வளவு மலிவு என்று விளங்கியது.

என் முறை. புனிதரும் சிலை வணங்கின வீட்டுப் பிள்ளைதான் என்றேன். அறிவின் விதை எல்லா மனிதரிலும் உண்டென்று எழுதியவர் என்றேன். பேர் விசயத்துக்கு வந்ததும் தாளிலிருந்து நிமிர்ந்தேன். கடைசி வரிசையில் செலின். பக்கத்தில் அவன்.
"நேரம் போட்டுது, ஜஸ்டின்," மாஸ்டர்.
"நீங்கள் எடுத்த நேரம்தான், மாஸ்டர். இருங்கோ."
பேர் விசயத்தையும் சொல்லி முடித்தேன். கைதட்டல் இல்லை. வடைக்கு மட்டும் வரிசை.

கோபி, சனம் எழும்பின கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். கிட்டப் போனேன்.
"தம்பி, என்ன வேலை செய்யிறீர்?"
"எலெக்ட்ரிசியன், அங்கிள்."
"சாப்பிட்டனீரோ?"
"இல்லை."
வீட்டுக்குக் கூட்டிவந்தேன். ரெஜினா இன்னொரு சாப்பாட்டுக் கோப்பை வைத்தாள். பெடியனுக்கு மீன் சாப்பிடத் தெரியாது. வெள்ளைக்காரன் மாதிரி முள்ளுக்கரண்டியால் கிளறுகிறான். பார்க்கச் சகிக்கவில்லை. முள்ளெடுத்துக் கொடுத்தேன்.