கலியாண ஊர்வலத்தில் வெந்த எஞ்சின்

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் காருக்கு ஒயில் மாற்றினேன். "ஞாயிற்றுக்கிழமையும் உந்தக் கறுப்புக் கையோ, கிறிஸ்ரினா?" என்று அம்மா முகத்தைச் சுளித்தாள்.

என்ன செய்ய, இந்த எஞ்சினுக்கு ஒயில்தான் உயிர். ஆறு சிலிண்டர், இரண்டு டேர்போ. புகை வெளியேறும் வேகத்தில் சுற்றுகிற அந்தச் சின்னக் காற்றாடிகளைத் தாங்குவது மெல்லிய ஒயில் படலம் ஒன்றுதான். சாதாரண வான் எஞ்சின் பொறுத்துக்கொள்கிற சோம்பலை இது பொறுக்காது. பெற்றோல் ஒக்ரேன் தொண்ணூற்றைந்துதான் அடிக்க வேண்டும். தொண்ணூற்றிரண்டு அடித்தால் உள்ளே நேரத்துக்கு முன்னமே வெடித்துப் பிஸ்ரனை உடைக்கும். றேடியேற்றருக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டும் ஆகாது. தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்தில் அடியில் படிகிற வெள்ளைச் சுண்ணாம்பு அதற்குள்ளும் படிந்தால் தண்ணீர் ஓட வழியிருக்காது.

அண்ணைக்கு இதையெல்லாம் எத்தனை தரம் சொல்லிவிட்டேன்! ஜெரிசன் "ஓம், ஓம்" என்பான். கண் போனில் இருக்கும்.

நானும் அவனும் சேர்ந்து நொருங்கின காராக வாங்கியது. கராஜ் இருவருக்கும் பொது. எஞ்சினைக் கட்டியது நான். காரின் பதிவுப் புத்தகம் மட்டும் அவன் பெயரில். "அண்ணைக்குத்தானே, ஆருக்கோ இல்லையே" என்று அம்மா அன்றைக்குச் சொன்னாள். நானும் பேசாமல் விட்டேன்.

அடுத்த மாதக் கடைசியில் மலையேற்ற ஓட்டம், மலைப்பாதையில் நடக்கிற கார்ப் போட்டி. கொழும்பில் வேலை செய்த காலம் முழுக்க மற்றவர்கள் ஓட்டுவதற்குத்தான் கார் கட்டினேன். இந்தமுறை ஓட்டப்போவது நான்.

பெப்ரவரி 19, புதன்

பிரேக் கட்டைகள் எடுக்கக் கொழும்புக்குப் போகிறேன். ஞாயிறு திரும்புவேன். காரைத் தொடவேண்டாம் என்று அண்ணையிடம் சொன்னேன். சிரித்தான்.

பெப்ரவரி 23, ஞாயிறு

எழுத்து ஒழுங்காக வரவில்லை.

பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு வந்தால், கார் கராஜ் வாசலில் குறுக்கே நிற்கிறது. முகப்பில் பூமாலை. சாதாரண மாலையா? றேடியேற்றருக்குக் காற்றுப் போகிற வழி முழுவதையும் மூடி ரோசாப்பூவும் றிபனும் வெள்ளைத் துணியும். கீழே தண்ணீர் கோடாக ஓடிக் காய்ந்து கிடக்கிறது.

ஒயில் மட்டம் பார்க்கிற கம்பியை இழுத்துப் பார்த்தேன். ஒயில் இல்லை, கூழ். தண்ணீர் கலந்துவிட்டது.

"ஆர் ஓடினது?" என்று அண்ணையைக் கேட்டேன்.

"ஒரு கலியாணத்துக்குக் குடுத்தனான். பாசையூர்ப் பெர்னடெட்டின்ரை கலியாணம். அவளின்ரை தமையன் லியோன் ஓடினவன்."

"ஏன் என்னைக் கேக்கேல்லை?"

"கேட்டால் நீ விடமாட்டாய்."

விடமாட்டேன் என்று தெரிந்துதானே! தெரிந்துதானே செய்தான்! பிறகு சொல்கிறான், "என்ரை பேரில இருக்கிற கார்தானே."

அவனோடு இனிக் கதையில்லை.

பெப்ரவரி 25, செவ்வாய்

எஞ்சினின் மேல்பாகத்தைக் கழற்றினேன். ஹெட் என்கிற அந்த அலுமினியத் தட்டு வெப்பத்தில் வளைந்திருக்கிறது. இடையிலிருந்த கஸ்கற் தகடு இரண்டு இடத்தில் வெடித்துத் தண்ணீரும் ஒயிலும் ஒன்றாகிவிட்டன. அந்தக் கூழ்தான் கிராங் தண்டைத் தாங்குகிற பேரிங்குகளுக்குப் போயிருக்கிறது. நகத்தால் தடவினால் கோடு தட்டுப்படுகிறது. தண்ணீர் ஓடும் துவாரங்களில் வெள்ளைப் பொடி. கிணற்றுத் தண்ணீர்! கொதிக்கிற எஞ்சினுக்குள் வாளியால் ஊற்றியிருக்கிறார்கள்.

மத்தியானம் சாப்பிடவில்லை. அம்மா வந்து கதவடியில் நின்றாள்.

"அண்ணையைத் திட்டாதை. உனக்காகத்தான் குடுத்தவன்."

"எனக்காகவோ?"

"லியோனை உனக்குக் கேட்டு வந்திருக்கினம். பெடியன் நல்லவன், கொழும்பில வங்கி வேலை. கார் தாருங்கோ எண்டு கேக்கேக்கை எப்பிடி இல்லையெண்டிறது?"

அப்படியென்றால் எனக்குக் கலியாணம் பேசுகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. எனக்குச் சம்பந்தம் பேச என் காரையே பலி கொடுத்திருக்கிறார்கள். நான் இந்த வீட்டில் யார்? சாமானா?

மார்ச் 2, ஞாயிறு

அவர்கள் வந்தார்கள். லியோன், தாய், மாமன் ஒருவர். தட்டில் பழம், கேக். அம்மா சேலை உடுக்கச் சொன்னாள். நான் வேலை உடுப்போடே வந்து இருந்தேன்.

லியோன் பார்க்க நல்ல பிள்ளைதான். மரியாதையாகக் கதைத்தான். அதுதான் இன்னும் எரிச்சல்.

"கார் பழுதாப்போட்டுதாம். சொறி. ஆனால் செம வண்டி! கோயில் வாசல்ல நிப்பாட்டி நல்லாச் சத்தம் வர முறுக்கி முறுக்கி வீடியோ எடுத்தனாங்கள்."

"ஊர்வலம் எவ்வளவு வேகத்தில போச்சுது?"

"நடந்து வாற ஆக்களோடதானே. மெதுவா."

காற்று இல்லை, முகப்பில் துணி, அதற்குள் முறுக்கியிருக்கிறான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"சூடு காட்டுற ஊசி மேல போகேல்லையோ?"

"ஒரு ஊசி மேல போய் நிண்டதுதான். பெற்றோல் நிறைய இருக்கெண்டு நினைச்சன்."

மாமன்காரர் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எழும்பினேன். "ஒருக்கா வாங்கோ" என்று லியோனைக் கராஜுக்குக் கூட்டிப்போய் வளைந்த ஹெட்டைக் காட்டினேன். நேரான இரும்புச் சட்டத்தை அதன்மேல் குறுக்கே வைத்து, கீழால் வெளிச்சம் வருவதைக் காட்டினேன். பார்த்தான். உண்மையாகவே பார்த்தான் என்றுதான் நினைக்கிறேன்.

"இது திருத்தலாம்தானே?" என்றான். "கலியாணம் முடிஞ்சால் நீங்கள் உதெல்லாம் செய்யத் தேவையில்லை. நான் கொழும்பில வீடு பாத்திருக்கிறன்."

"எனக்கு உங்களைக் கலியாணம் செய்ய விருப்பமில்லை" என்றேன். "கார் பழுதானதுக்காக இல்லை. இப்ப சொன்னியளே, அதுக்காக."

கேக்கைச் சாப்பிடாமலே போய்விட்டார்கள்.

மார்ச் 3, திங்கள்

அம்மா என் முகத்தைப் பார்க்காமலே சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 11, செவ்வாய்

ஹெட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு நெல்லியடிக்குப் போனேன். அங்கே செந்தூரன் என்பவரின் லேத் பட்டறையில் மேற்பரப்பைச் சீவி நேராக்குவார்கள்.

"ஆம்பிளையள் ஒருத்தரும் வரேல்லையோ, பிள்ளை?"

"வந்திருந்தால் ஹெட் நேராகியிருக்குமோ?"

அவர் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு சாக்கை அவிழ்த்தார். கூடச் சீவினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடிவிடும் என்று இருவருமே சொன்னோம், ஒரே நேரத்தில். இந்த மாதத்தில் என்னோடு ஒழுங்காகக் கதைத்த முதல் மனுசன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுகை வந்தது. கோபத்தில்தான். வேறொன்றுமில்லை.

மார்ச் 30, ஞாயிறு

இன்று மலையேற்ற ஓட்டம். நான் குருநகரில், ஒரு மீன் லொறிக்குக் கிளச் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 7, திங்கள்

அண்ணை தானாக வந்து கதைத்தான். பெரிய யோசனையோடு.

"ஏன் உவ்வளவு பாடுபடுறாய்? பழைய வான் எஞ்சின் ஒண்டைப் போட்டு விடுவம். ஊர்வலத்துக்கு ஓடினால் காணும். ஆர் மூடியைத் திறந்து பாக்கப்போகினம்?"

கையிலிருந்த ஸ்பானரை எறிந்தேன். அவன்மேல் இல்லை. சுவர்க் காரை பெயர்ந்து விழுந்தது.

"நான் பாப்பன்! நான் திறந்து பாப்பன்! எனக்குத் தெரியும்தானே உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு!"

அயலெல்லாம் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

ஏப்ரல் 20, உயிர்த்த ஞாயிறு

நான் காலைப் பூசைக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டு யோசப்பின் அக்கா வந்து சொன்னதை எழுதுகிறேன்.

பூசை முடிந்து கோயில் முற்றத்தில் லியோனின் மாமன் நாலு பேருக்கு முன்னால் சொன்னாராம், "பொம்பிளைப் பிள்ளை பூட்டின எஞ்சின், அதுதான் பாதி வழியில நிண்டது" என்று. அண்ணை பக்கத்தில் நின்றிருக்கிறான்.

"அவன் என்ன சொன்னவன் தெரியுமோ?" என்றாள் அக்கா. "'என்ரை தங்கச்சி பூட்டினதாலதான் அது கோயில் வரைக்கும் எண்டாலும் வந்தது. நாசமாக்கினது உங்கடை மருமோனும் நானும். அவளைப் பற்றி இனி ஒரு கதை கதைச்சால் எனக்குக் கெட்ட கோவம் வரும்' எண்டு கத்தினவன். ஃபாதரே திரும்பிப் பாத்தவர்."

நல்லது. ஊருக்கு முன்னால் சொல்ல வாய் வந்திருக்கிறது. எனக்கு முன்னால் வந்து சொன்னால் என்ன, நாக்கு அறுந்துபோகுமா?

ஆனாலும் இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

மே 17, சனி

புதுப் பேரிங்குகள் போட்டாயிற்று. ஹெட்டை ஏற்ற வேண்டும். தனியத் தூக்கினால் கஸ்கற் நகரும். அம்மாவைக் கூப்பிடலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றபோது அண்ணை வந்து மற்றப் பக்கத்தைப் பிடித்தான். கை கழுவியிருந்தான், தூசு ஒட்டக்கூடாது என்று எங்கே கேட்டானோ.

நடுவிலிருந்து வெளியே, சுற்றுச் சுற்றாக, கொஞ்சம் கொஞ்சமாக ஒவ்வொரு போல்ற் ஆணியையும் இறுக்கினேன். ஒரே மூச்சில் இறுக்கினால் திரும்பவும் வளையும். அவன் ஆணிகளுக்கு ஒயில் தொட்டுத் தொட்டுத் தந்தான்.

மன்னிப்புக் கேட்பான் என்று பார்த்தேன். கேட்கவில்லை.

யூன் 14, சனி

எஞ்சின் ஸ்ராட் ஆகிவிட்டது. முதலில் உலர்ந்த இருமல், பிறகு ஆறும் ஒரே குரலில். ஒயில் அழுத்தம் சரி. வெப்பம் சரி. காங்கேசன்துறை வரைக்கும் மெதுவாக ஓடிப் பார்த்தேன். புதுப் பேரிங், இப்போதைக்கு மிரட்டக்கூடாது.

வீதியில் பெடியன்கள் "முறுக்குங்கோ அக்கா!" என்று கத்தினார்கள். போங்கோடா.

ஓகஸ்ட் 4, திங்கள்

நேற்று, வருடத்தின் இரண்டாவது மலையேற்ற ஓட்டம். எங்கள் பிரிவில் நான்காவதாக வந்தேன். மூன்றாவது வளைவில் பயந்து முன்னமே பிரேக் பிடித்தேன். அது என் பிழை, எஞ்சினின் பிழை இல்லை. எனக்குப் பத்தாது. அடுத்தமுறை பார்க்கலாம்.

அண்ணையும் வந்தான். நான் கூப்பிடவில்லை, ரயர்களைக் கராஜ் வானில் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தான். மேலே நின்று தொண்டை அடைக்கக் கத்தினானாம். இன்று திரும்பி வரும் வழியில் வான் வவுனியாவில் நின்றுவிட்டது. அதை அங்கே ஒரு கராஜில் விட்டுவிட்டு என்னோடு ஏறினான். ஆனையிறவு தாண்டியபோது அவனாகச் சொன்னான்:

"நான் உன்னைக் கேட்டிருக்க வேணும், தங்கச்சி. காரையும்தான். மற்றதையும்தான்."

"ஓம். கேட்டிருக்க வேணும்."

அவ்வளவுதான்.

பொழுதுபட வீட்டு வாசலில் வந்து நிறுத்தினேன். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு டேர்போ எஞ்சினை உடனே நிறுத்தக்கூடாது. கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட வேண்டும். அண்ணை கதவில் கை வைத்தவன், என்னைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். இருவரும் உள்ளேயே இருந்தோம்.

அம்மா படலையடிக்கு வந்து, "என்ன, ரெண்டுபேரும் உள்ளுக்கை இருக்கிறியள்? இறங்குங்கோவன்" என்றாள்.

"கொஞ்சம் பொறணை அம்மா," என்றான் அண்ணை. "சூடு இன்னும் ஆறேல்லை."